வரிசைக்காரர் காலி செய்த பெட்டி

அவருக்கு 'வரிசை' என்று பெயர் வைத்தவர் கீழ்த்தளத்தில் மெஷின் ஓட்டுகிறவர். எங்கள் அச்சகத்தில் கம்ப்யூட்டர் அறைக்குள் தூசி போகக் கூடாது என்று செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். நாங்கள் கால் போன போக்கில் கழற்றி எறிந்துவிட்டுப் போவோம். திரும்பி வந்து பார்த்தால் அத்தனையும் ஜோடி சேர்ந்து, சின்னதிலிருந்து பெரியதாகச் சுவரோரம் நிற்கும். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற மனிதர் தன் வேலைக்கு நடுவில் இதையும் செய்துவிட்டுப் போயிருப்பார். "வரிசை வந்துட்டுப் போயிருக்கார்" என்று மெஷின்காரர் சொல்லிச் சிரித்தது அப்படியே ஒட்டிக்கொண்டது. நாளடைவில் முதலாளியே மாடிப்படியில் நின்று "வரிசையை வரச் சொல்லு" என்று கத்த ஆரம்பித்தார்.

நான் அங்கே பிழை திருத்துகிறவள். மருந்துப் புட்டிகளில் ஒட்டும் லேபிள்கள்தான் எங்கள் அச்சகத்துக்குச் சோறு போடுகின்றன. ஒரு சைபர் கூடினால் ஐந்து சொட்டு ஐம்பது சொட்டாகிவிடும் என்பதால் சந்தேகப்படுவதே எனக்குத் தொழில். சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியிருக்கிறேன், அதில் பொய் ஒன்றும் இல்லை. வரிசையின் வீடும் என் வீடும் ஒரே தெருவில்தான். அவர் மனைவி எனக்குச் சிநேகிதி. அதனால் அவருடைய ஆபீஸ் முகமும் வீட்டு முகமும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றுதான். வீட்டில் கூடுதலாகச் சோப்புக் கட்டிகளையும் அடுக்குவார்.

அவருடைய அப்பா பூட்டு ரிப்பேர் செய்தவர். எந்தப் பூட்டானாலும் பிரித்துப் பார்த்தே வழி கண்டுபிடிப்பாராம். படிக்கத் தெரியாததை அவர் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. மகனுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் பழக்கம் அப்பாவுடையது. சாமானோடு வரும் விளக்கத்தாள் எதையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை. நான்காக மடித்து அதே பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிடுவார்.

அச்சகத்துக்கு அவர் வந்தது காகிதம் அடுக்குவதற்கு. வெட்டும் மெஷினுக்குப் போகும் தாள்களை நான்கு ஓரமும் ஒன்றுபோல் தட்டிச் சேர்க்க வேண்டும். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பிறகு கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள வந்த முதலாளியின் அக்கா மகன் வேறு நல்ல வேலை கிடைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். பிரித்துப் பார்க்கப் பயப்படாத ஒரே ஆள் என்று இவரை மேலே ஏற்றிவிட்டார்கள். பிரித்தார், பார்த்தார், சேர்த்தார். பெரும்பாலும் ஓடியது. ஓடாதபோது மறுபடியும் பிரித்தார்.

ஒரு வருஷம் கீழே இன்னொரு மெஷின் போட இடம் வேண்டும் என்று ஆபீஸ் முழுவதையும் மாடிக்கு மாற்றினார்கள். எங்களுக்கு வரும் மெயில் எல்லாம் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் வந்து சேரும். அங்கிருந்து கேபிள் வழியாக அவரவர் மேசைக்கு இறங்க வேண்டும். முன்பு எல்லாம் ஒரே அறையில் இருந்ததால் கடையில் விற்கும் குட்டை கேபிளே போதுமாக இருந்தது. இப்போது மெஷின் அறைச் சுவரை ஒட்டிப் போய், தளத்தைத் துளைத்து, மேலே வர வேண்டும். வெளியாளைக் கூப்பிடலாம் என்றார் முதலாளி. நான் இருக்கும்போது எதற்கு வெளியாள் என்று வரிசை கோபித்துக்கொண்டார். ஒரு சுருள் கேபிளும், முனை நசுக்கும் இடுக்கியும், ஒரு சோதனை விளக்கும் வாங்கி வந்தார்.

இங்கே கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த அத்தனையும் இந்த இடத்தில் தொடங்கியதுதான். கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள். இரண்டிரண்டாக முறுக்கி, ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு ஜோடிகள். முனையில் இந்த எட்டையும் பிரித்து, ஒரு சின்னப் பிளாஸ்டிக் தலைக்குள் வரிசையாகச் செருகி நசுக்க வேண்டும். கடை கேபிளின் தலையைப் பார்த்தால் பச்சை ஜோடியைப் பிரித்து வைத்து, நடுவில் நீல ஜோடியை நுழைத்திருப்பார்கள். அது அவர் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. எவனோ அவசரத்தில் கன்னாபின்னா என்று செருகியிருக்கிறான் என்று எங்களிடம் காட்டி உச்சுக் கொட்டினார். அவர் செய்ததில் ஆரஞ்சு ஜோடிக்குப் பக்கத்தில் பச்சை ஜோடி, அதற்குப் பக்கத்தில் நீலம், கடைசியில் பழுப்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சோதனை விளக்கில் மாட்டினால் எட்டு விளக்கும் ஒன்றன் பின் ஒன்றாக எரிந்தன. ஒவ்வொரு மேசைக்கும் அப்படியே செய்து, சுவரில் ஒரே உயரத்தில் ஆணி அடித்து இழுத்தார். முதலாளி பார்த்துவிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மாடியில் குடியேறிய வாரமே தொல்லை ஆரம்பித்தது. "சரி", "பெற்றுக்கொண்டோம்" மாதிரி நாலு வார்த்தை மெயில்கள் தடையில்லாமல் வந்தன. லேபிளின் படத்தோடு வருகிற பெரிய மெயில் மட்டும் நகராது. திரையில் பச்சைப் பட்டை பாதி வரை வரும், நிற்கும், யோசிக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். படம் இறங்கினால்தான் நான் பிழை பார்க்க முடியும். நான் பார்த்தால்தான் மெஷின் ஓடும். கீழே சுவரோரத்து மெஷின் மட்டும் கையிலிருந்த வேலையில் ஓடும், மற்றதன் பக்கத்தில் மெஷின்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், மேலே முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நடுவில் வரிசை மாடிப்படியில் ஏறி இறங்கியே இளைத்தார்.

அவரும் சும்மா இருக்கவில்லை. இணைப்புக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். அவர்கள் வந்து சோதித்து, வாசல் வரை எல்லாம் சரியாக வருகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டராக நிறுத்திப் பார்த்தார். படம் வரைகிற பெண் பாட்டு கேட்பதால்தான் என்றார். அவள் பாட்டை நிறுத்திவிட்டு நாள் முழுதும் உம்மென்று வேலை செய்தாள், மெயில் அசையவில்லை. வைரஸ் என்றார், மின்சாரம் என்றார், மழை என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, எட்டு விளக்கும்தான் எரிந்ததே. கடைசியில் அவருடைய பார்வை முன்னறை அக்காமேல் விழுந்தது.

முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பதும், வாடிக்கையாளர்களின் மெயிலை வாங்கி எங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் அந்த அக்காவின் வேலை. ஐம்பதைத் தாண்டியவர், மெல்லிய குரல், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தம்பி, அவன் கப்பலில் சமையல்காரனாக இருந்தான். அக்காவுக்கு வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஆபீஸ் முகவரிக்குத்தான் அவன் எழுதுவான். சில வருஷங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு துறைமுகத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சல் முற்றி இறந்துபோனான். அவன் எழுதியதெல்லாம் அக்காவின் மெயில் பெட்டியில் ஒரு தனி அறையில் இருந்தது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒன்றைத் திறந்து படிப்பார். ஒருமுறை எனக்கும் படித்துக் காட்டினார். இன்று காற்று அதிகம், வெங்காயம் தீர்ந்துவிட்டது, காப்டனுக்குப் பல்வலி என்று இருந்தது. இதில் படிக்க என்ன இருக்கிறது என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆபீஸிலேயே பெரிய பெட்டி அக்காவுடையதுதான். இத்தனை வருஷத்து லேபிள் படங்கள், வாடிக்கையாளர் கடிதங்கள், அவற்றோடு தம்பி அனுப்பிய கடல் படங்கள். ஒவ்வொரு முறை மெயில் எடுக்கும்போதும் இந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருப்பதால்தான் மொத்தமும் திணறுகிறது என்று வரிசை முதலாளியிடம் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இருமல் மருந்துக் கம்பெனியின் லேபிள் பாதியில் நின்று, அவர்கள் போனில் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த காலை அது. முதலாளி நேராக முன்னறைக்கு வந்தார், பின்னாலேயே வரிசையும் வந்தார். கையில் பிழை பார்க்க வேண்டிய தாளோடு நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

பழைய வாடிக்கையாளர் மெயில்களை அக்கா மறுபேச்சில்லாமல் அழித்தார். தம்பியின் அறைக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. இதை மட்டும் விட்டுவிடலாமா, இல்லையென்றால் சாயந்தரம் வரை நேரம் கொடுங்கள், எதிலாவது எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். இருக்கிற வேகத்தில் அதை எடுக்க ஒரு நாள் ஆகும், மெஷின் நிற்கிறது என்றார் வரிசை. அக்கா மறுபடியும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி பக்கத்தில் நிற்கிறாரே என்ற பதற்றமோ, இத்தனை நாள் பட்ட அவமானமோ, வரிசை குரலை உயர்த்திவிட்டார்.

"ஆபீஸ் பெட்டியில சொந்தக் கதையெல்லாம் சேர்த்து வெச்சா இப்படித்தான் ஆகும். உங்க ஒருத்தராலதான் இத்தனை பேரும் உட்கார்ந்திருக்கோம்."

அக்காவுக்கு முகம் கழுத்து வரை சிவந்துபோயிற்று. தானே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துத் தானே அழித்தார். குப்பைத் தொட்டியில் போனதையும் காலி செய்ய வேண்டும் என்று வரிசை சொன்னார், அதையும் செய்தார். தலைப்புகள் மேலே மேலே ஏறி மறைந்துகொண்டிருந்தன. வரிசை நாற்காலிக்குப் பின்னால் நின்று, கடைசி ஒன்று போகும் வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒழுங்கான மனிதர் செய்கிற ஒழுங்கான காரியத்தையும் செய்தார். வாராவாரம் எடுத்து வைக்கும் மாற்றுப் பிரதியில் பழையதை அழித்துவிட்டு, இந்தப் புதிய, இளைத்த பெட்டியைப் பதிந்து வைத்தார்.

அன்று மதியமே மெயில் பறந்தது. இருமல் மருந்து லேபிள் கண்ணை மூடித் திறப்பதற்குள் இறங்கியது. மறுநாளும் அப்படியே. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு, பார்த்தீர்களா, ஒருத்தர் பெட்டியைச் சுத்தம் செய்ததில் ஊரே பிழைத்தது என்று வரிசையையும் அக்காவையும் சேர்த்தே பாராட்டினார். வரிசை மார்பை நிமிர்த்தித்தான் நின்றார். பிறகு அக்கா தேநீர் எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கு வந்தார். இரண்டு நாளாக யாரோடும் பேசாமல் இருந்தவர், தானாக வந்து அவரிடம் சமாதானம் பேசினார்.

"பரவாயில்ல தம்பி. போனாலும் எல்லாருக்கும் பிரயோஜனமாத்தானே போச்சு. அவனும் அப்படித்தான், யாருக்காவது ஒண்ணுன்னா தன்னோடதைக் குடுத்துடுவான்."

இந்தத் தேநீர்தான் பிற்பாடு அவர் தொண்டையில் சிக்கியது. அந்த இரண்டு நாளும் கீழே சுவரோரத்து மெஷின் ஓடவில்லை, அதற்கு உருளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் அது கிளம்பியது. வேகத்தைத் தினமும் அளந்து பார்த்துக்கொண்டிருந்த வரிசைக்கு மட்டும் வேகம் விழுந்தது தெரிந்தது. மெஷினை நிறுத்தினால் ஏறுகிறது, ஓட்டினால் விழுகிறது. மெஷின் சுவரை ஒட்டிப் போவது என்ன? அவர் இழுத்த கேபிள். ஒரு நீளமான கடை கேபிளை வாங்கி வந்து, படிக்கட்டில் குறுக்காகப் போட்டு மாட்டிப் பார்த்தார். மெஷின் ஓட ஓட மெயில் பறந்தது. அதன் தலையையும் தன் கேபிளின் தலையையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, இடுக்கி வந்த பெட்டியைத் திறந்து, நான்காக மடித்த தாளை முதல்முறையாகப் பிரித்தார்.

அதில் முதல் பக்கத்திலேயே படம் போட்டிருந்தது. சேதி போகும் கம்பியும் அதன் துணைக் கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கியபடியே போனால்தான் வெளி இரைச்சல் அவற்றைத் தொடாது. முனையில் மூன்றாவதும் ஆறாவதும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் பச்சைக்கு நடுவில் நீலத்தை நுழைப்பது. இவர் அழகுக்காக அடுக்கியதில் அவை இரண்டும் வேறு வேறு ஜோடிக்காரர்களாகப் போய்விட்டன. விளக்கு எரியும், ஏனென்றால் கம்பி அறுபடவில்லை. சின்ன மெயில் தப்பித்துப் போய்விடும். பெரியது சத்தத்தில் சிதைந்து, திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கி, மூச்சு வாங்கும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவமும் அவருடையது, பழி போட்டதும் அவர்.

மதிய இடைவேளைகளில் ஒவ்வொரு தலையாக வெட்டி எறிந்துவிட்டு, தாளில் போட்டிருந்தபடி மாற்றினார். கேட்டவர்களுக்குப் பராமரிப்பு என்று சொன்னார். ஒருவரும் சந்தேகப்படவில்லை. அக்காவின் மேசைக்கு அடியில் குனிந்து மாற்றும்போது, அக்கா எழுந்து நின்று, இவர் தலை இடித்துக்கொள்ளாமல் இருக்க மேசை விளிம்பில் தன் கையை வைத்துக்கொண்டாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வாரம் எங்கள் தெருவில் ஓர் அதிசயம் நடந்தது. வரிசையின் வீட்டு வாசலில் செருப்புகள் மூலைக்கொன்றாகக் கிடந்தன. என்னம்மா உடம்பு சரியில்லையா அவருக்கு என்று மனைவியைக் கேட்டேன். அவள் என்னை உள்ளே இழுத்துப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். இவர் அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்கிறாராம், இவள் வேண்டாம் என்கிறாளாம்.

"சொன்னா இவருக்கு மனசு லேசாயிடும். அந்த அக்காவுக்கு? எல்லாருக்கும் உதவிச்சுன்னு நெனச்சுத்தான் அவங்க எழுந்து நடமாடிட்டு இருக்காங்க. அதையும் போய்ப் பிடுங்கணுமா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பதில் தெரியாதபோது எனக்குக் கோபம்தான் வரும், எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் வரிசை என் மேசைக்கு வந்து, அச்சாகி வெளியே போன லேபிளில் தப்பு இருந்ததாக அப்புறம் தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். அது மருந்து, யாராவது குடித்துவிடுவார்கள், அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். இதை யாரும் குடிக்கப்போவதில்லையே என்றார். அப்படியானால் என்னைக் கேட்காதீர்கள் என்று எரிந்து விழுந்தேன்.

முதலில் முதலாளியிடம் போய்ச் சொன்னார். திட்டு விழும், வேலை போகும் என்று தயாராகத்தான் போனார். முதலாளி சிரித்துவிட்டு, இப்போதுதான் ஓடுகிறதே, இதை எதற்கு ஊதிப் பெரிதாக்குகிறாய் என்று அனுப்பிவிட்டார். நாலு அறை விட்டிருந்தால் தேவலை என்று வரிசை வெளியே வந்து சுவரைப் பார்த்து நின்றார். பிறகு முன்னறைக்குப் போனார். திருத்திய தாள்களைக் கொடுக்க வந்த நான் அங்கே இருந்தேன். போகட்டுமா என்றதற்கு, இருங்கள், அன்றைக்கும் நீங்கள் இருந்தீர்கள் என்றார்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. கம்பிகளை அழகுக்காகத் தப்பாக அடுக்கியதை, மெஷின் நின்றதால் இரண்டு நாள் வேகம் வந்ததை, கேபிள் தலைகளை ரகசியமாக மாற்றியதை, மாற்றுப் பிரதிமேல் தானே எழுதிவிட்டதை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னார். உங்கள் பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை அக்கா என்று முடித்தார்.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்போ அது சும்மாவா போச்சு?"

ஆமாம் என்று வரிசை தலையை ஆட்டினார். அதற்குள் போன் அடித்தது. அக்கா எடுத்து, வழக்கமான மெல்லிய குரலில் வணக்கம் சொல்லி, கம்பெனி பெயரைச் சொல்லி, யார் வேண்டும் என்று கேட்டார். அந்தக் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நாங்கள் இருவரும் திருடர்களைப் போல ஆளுக்கொரு பக்கம் நழுவினோம்.

அதற்குப் பிறகு வரிசை செய்யாத முயற்சி இல்லை. மாடிப்படிக் கம்ப்யூட்டரில் மெயில் பதிவாகும் தட்டைக் கழற்றி, அழிந்ததை மீட்டுத் தருகிறோம் என்று பலகை வைத்திருந்த கடை கடையாக ஏறினார். மேலே மேலே எழுதியாகிவிட்டது, ஒன்றும் கிடைக்காது என்று கையை விரித்தார்கள். தம்பி மெயில் வைத்திருந்த கம்பெனிக்கு எழுதிப் பார்த்தார். அந்தக் கணக்கே எப்போதோ மூடப்பட்டுவிட்டதாம். அக்கா அவரோடு பேசவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. அவர் வந்தால் ஏதாவது ஒரு தாளை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். மாடிப்படியில் எதிரே வந்தால் வரிசை கீழேயே நின்று வழி விடுவார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் வரிசை என்னைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது. திரையில் அக்காவிடமிருந்து ஒரு மெயில்.

"தம்பி எழுதினதில் ஞாபகம் இருக்கிறதை எல்லாம் உங்களுக்கு அனுப்புகிறேன். என் பெட்டியில் வைத்துக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுடையதில் இருக்கட்டும். அழிக்காதீர்கள்."

அதன் கீழே, காப்டனுக்குப் பல்வலி, கிராம்பு கொடுத்தேன், என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார் என்று இருந்தது. அன்றைக்கு எனக்குப் படித்துக் காட்டியதுதான். கட்டிப்பிடித்துக்கொண்டதை அக்கா சொன்னபோது நான் கவனித்திருக்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு வேலை நாளும் ஒன்று வந்துகொண்டிருந்தது. சிலது பத்தி பத்தியாக இருக்கும், சிலது ஒரே வரி. பெரிய அலை, பாத்திரம் எல்லாம் ஓடியது. ரொட்டி கருகிவிட்டது, யாரும் திட்டவில்லை. முன்னும் பின்னுமாக, வருஷம் மாறி, ஞாபகம் வந்த கிரமத்தில் வரும். தேதிவாரியாக அடுக்கட்டுமா என்று நானே ஒருமுறை கேட்டேன். வேண்டாம், வந்தது வந்தபடி இருக்கட்டும் என்று வரிசை அவசரமாகச் சொன்னார். ஒவ்வொன்றையும் வந்த உடனே படிப்பார். பதில் எழுத மாட்டார், என்ன எழுதுவது? தினமும் காலையில் தன்னைத் தானே நிற்கவைத்து அடித்துக்கொள்வது மாதிரிதான் எனக்கு அது தெரிந்தது. மனைவி வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினாள். அந்தப் பெட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டார்.

போகப் போக மெயில்கள் சின்னதாகின. சொன்னதையே இரண்டாம் முறை சொல்வதும் நடந்தது. ஒரு நாள் வந்ததில் இவ்வளவுதான் இருந்தது.

"இன்றைக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை."

வரிசை அதை இரண்டு முறை படித்தார். பிறகு முதல்முறையாகப் பதில் தட்டினார். நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன், அவர் தடுக்கவில்லை. அன்றைக்கு அழிக்கும்போது திரையில் 'செருப்பு அளவு' என்று ஒரு தலைப்பு போனதைப் பார்த்தேன் அக்கா, அதுவும் தம்பியுடையதுதானா என்று எழுதியிருந்தார்.

பதில் உடனே வந்தது.

"ஆமாம். மறந்தே போயிருந்தேன். ஒரு துறைமுகத்தில் நல்ல செருப்பு விற்கிறார்கள், அளவு அனுப்பு என்று எழுதினான். அனுப்பினேன். சின்னதாக வாங்கி வந்துவிட்டான். கச்சிதமாக இருக்கிறது என்று எழுதிவிட்டேன், கால் கொப்பளித்தது."

அதைப் படித்து முடிப்பதற்குள் வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா முன்னறையை விட்டு எங்கள் அறைக்கே வந்து நின்றார். செருப்பைக் கழற்றவும் மறந்திருந்தார். அத்தனை மாதம் கழித்து வரிசையை நேராகப் பார்த்துப் பேசினார்.

"வேற ஏதாவது பார்த்தீங்களா தம்பி? நீங்க பின்னாடியேதானே நின்னுட்டு இருந்தீங்க. வேற தலைப்பு ஏதாவது?"

வரிசை எழுந்து நின்றார். இல்லை அக்கா என்று கடைசியில் சொன்னார். அக்கா இன்னும் காத்திருப்பது போல நின்றுகொண்டிருந்தார். அதனால் மீதியையும் சொல்ல வேண்டியிருந்தது.

"அந்த ஒண்ணுதான் கண்ணுல பட்டது, மத்த தலைப்பையெல்லாம் நான் பார்க்கலைக்கா. இன்னும் எத்தனை பாக்கின்னு எண்ணிக்கை குறையறதைத்தான் பார்த்துட்டு இருந்தேன்."